நாற்பத்திரண்டு வரித் தீர்ப்பு

ஜனவரி 9, வெள்ளி

காலையில் கடும் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு நாங்களும் தெரிந்திருக்க மாட்டோம். இரு தரப்புக்கும் நிம்மதி.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னபடி இன்று முதல் இந்த நோட்டு. தினமும் பேனாவால் எழுத வேண்டும். நாளுக்கு ஒரு விஷயத்துக்காவது நன்றி எழுத வேண்டும். மூளைக்கு நல்லதாம். இருபத்தொன்பது வருடம் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவனிடம் நன்றி கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பார்க்கலாம்.

இன்றைக்கு: வலது கை ‘ழ’ எழுதுகிறது. சுழி கொஞ்சம் பெரிது. ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்குள்தான். நன்றி.

மே மாதம் ஸ்ட்ரோக். சின்னது என்றார் டாக்டர். அவருக்கு வந்திருந்தால் வேறு சொல் பயன்படுத்தியிருப்பார். கை கால் திரும்பின. பேச்சும் திரும்பியது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல் திடீரென்று காணாமல் போகும். பெரிய சொற்கள் போவதில்லை. ‘சீப்பு’, ‘சாவி’, ‘புதன்கிழமை’. விஷயம் விஜயாவுக்கு (இனி வி.; மனைவி; முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது) மட்டும்தான் தெரியும். ஆபீஸ் மேலிடத்துக்கு மட்டும் மருத்துவச் சான்றிதழ் போனது. உற்பத்தி லைனில் கூட வேலை செய்தவர்களிடம் கண் ஆபரேஷன் என்று சொல்லி ஓய்வு வாங்கி வந்துவிட்டேன். மற்றவன் வேலையில் குறை சொல்லியே வாழ்ந்தவன். என் குறையை அவர்கள் பார்ப்பது வேண்டாம்.

இந்த நிலையில் நாடகம். அரசன் வேடம். எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன். கை போதும் என்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. காரணம் சோம்பல். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதற்கு நன்றி.

நாடகம். இயக்குநர் அகிலா, சென்னை, முப்பது வயது இருக்கும். நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய ஆடும் பழைய நாடகம் ஒன்றை எடுத்து, மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் புதுவிதமாகப் போடுகிறார். நடிப்பவர்கள் எல்லோரும் தொழிற்சாலை ஆட்கள். நூலகத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ‘உங்க பேர் என்ன சார்?’ என்றார். பெயர் வர ஒரு நொடி ஆனது. அகிலாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“சார், பேசறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் நிக்கறீங்க பாருங்க. அந்த மௌனம் பயிற்சி எடுத்த நடிகருக்கே வராது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆறு நாள். சொல்லவில்லை. நோயைப் பாணி என்று நினைப்பவரைத் திருத்துவது மரியாதையில்லை.

கதை: அரசன் பன்னிரண்டு வருடம் போருக்குப் போகிறான். அரசி நாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். பஞ்சம் வருகிறது. அரச முத்திரை வைத்துப் பூட்டிய களஞ்சியத்தைத் திறந்து கேழ்வரகை ஊருக்குக் கொடுக்கிறாள். அரசன் திரும்பி வருகிறான். முத்திரையை உடைத்தது குற்றம். நாற்பத்திரண்டு வரியில் தீர்ப்பு: நாடு கடத்தல். அரசிக்கு இரண்டு வரி. ‘சித்தம் என் அரசே.’ ‘விடை கொடுங்கள்.’ பிறகு வானத்திலிருந்து பூ மழை. யாருக்காக என்று பிரதியில் இல்லை.

அகிலாவின் புதுமைகள், என் நினைவுக்கு எட்டியவரை:

அரியணை கிடையாது. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. அதன் முள்களின் மேல் பலகை, பலகை மேல் நாற்காலி, நாற்காலி மேல் நான்.

கிரீடம் கழிவுத் தகட்டில் வெட்டியது. ஓரம் தேய்க்கவில்லை. நானே வீட்டுக்கு எடுத்து வந்து அரம் போட்டேன்.

பார்வையாளர்களுக்கு நாற்காலி இல்லை. பழைய லைனின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவர்களை மேலும் ஒன்றரை மணி நேரம் நிற்கவைப்பது ஒரு அனுபவம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது நாகராஜ். அத்திப்பள்ளிக் கன்னடக்காரன், என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்தவன், வாய் அதிகம். அதனால் கட்டியக்காரன் வேடமும் அவனுக்கே. அரசன் வருவதை அறிவித்து இடையிடையே கேலி செய்வது வேலை. நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. என்னை ஆறடி தூக்கச் சொன்னார் அகிலா.

“ஆளை வெச்சித் தூக்கக் கூடாதுங்க மேடம். ரூல்.”

“நாடகம்தானே நாகராஜ்?”

“கீழ விழுந்தா நாடகமா விழுவாரா?” பிறகு என்னிடம் (யாராக இருந்தாலும் அவனுக்கு ‘குரு’தான்): “குரு, மூணடி. பெல்ட்டு போட்டுக்கினா மட்டும்.”

ஆகவே பாதுகாப்பு பெல்ட் கட்டிய அரசன். உலக நாடக வரலாற்றில் முதல்முறையாக இருக்கலாம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

ஊர் காலி. வெளியூர்க்காரர்கள் எல்லாம் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். பஸ் நிலையம் வரை நடந்தேன், ஒரு ஹாரன் சத்தம் இல்லை. ஒத்திகையும் இல்லை.

வி. பால் பொங்கக் காத்திருக்க, நான் பக்கத்தில் நின்று தீர்ப்பைச் சொன்னேன். தினமும் மூன்று முறை. முதலில் பத்து இடத்தில் விழுந்தது. இப்போது இரண்டு இடம். விழும் இடத்தில் அவள் சொல்லைக் கொடுப்பாள். பேரிகை ஊர்க்காரி, பிறந்த வீட்டில் பேசியது தெலுங்கு. பழைய நாடகத் தமிழ் நாற்பத்திரண்டு வரியும் இப்போது அவளுக்கு மனப்பாடம். நாடு கடத்தப்பட்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முழுத் தகவல் உள்ள ஒரே குடும்பத் தலைவி.

“ஏமண்டி, பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்களேன். அந்தப் பொண்ணு வேற ஆளப் பாக்கும்.”

பயம்தான். இருபத்து நான்காம் தேதி முதல் காட்சி. பழைய லைன் ஆட்கள் மொத்தமும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் மூன்றடி உயரத்தில், பெல்ட் கட்டிக்கொண்டு, ‘சீப்பு’ மாதிரி ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்து மூடினால்?

ஆனாலும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாற்பத்திரண்டையும் விடாமல் சொல்லிவிட வேண்டும். மே மாதத்துக்கு அப்புறம் நான் முழுதாகச் சொல்லி முடித்தது வீட்டு முகவரி மட்டும்தான்.

பால் பொங்கியது. நன்றி.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். பயிற்சிப் பெண்ணிடம் போனேன். இருபது படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். பதினெட்டு. ஒட்டகச்சிவிங்கி வந்துவிட்டது. குடை வரவில்லை.

மாலை ஒத்திகை. கொட்டகையில் லைன் ஓரமாக நீளத்துக்கு ஒரு மஞ்சள் கயிறு தொங்குகிறது. அகிலா இன்றுதான் பார்த்தார்.

“இது என்னது?”

நாகராஜ் சொன்னான்: “லைன் நிறுத்தற கயிறுங்க. ஏதாச்சும் தப்பு கண்ணுல பட்டா யார் வேணா இழுக்கலாம். மணி அடிக்கும். லைன் நின்னுடும்.”

“யார் வேணும்னாலுமா? திட்ட மாட்டாங்களா?”

“இழுத்தவங்கள ஏன் இழுத்தன்னு கேக்கக் கூடாது. என்னா ஆச்சுன்னு கேக்கணும். சரியாகிற வரைக்கும் அத்தினி பேரும் நிக்கணும். இழுத்தவங்க சரின்னு சொன்னாத்தான் திரும்ப ஓடும்.”

அகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் தியேட்டர் என்றார். (நேற்று டீக்கடை வரிசையையும் அப்படித்தான் சொன்னார்.) அரசன் வரும்போது அந்த மணி அடித்தால் எப்படி இருக்கும்? நாகராஜ் பேட்டரி கொடுத்து ஒருமுறை சோதித்தான். மணி அடித்தது, புறாக்கள் பறந்தன. ஆனால் காட்சிக்காக இழுக்க மறுத்துவிட்டான். “தப்பு இல்லாம இழுக்கக் கை வரலிங்க மேடம்.” நான் அவன் பக்கம். மேடம் தோற்றார். கயிறு சும்மா தொங்கட்டும் என்று முடிவு.

அரசியாக நடிப்பது மஞ்சுளா. லைன் ஆபரேட்டர், சூளகிரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், லைனில் கன்னடமும் சேர்ந்து மூன்றும். முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நீல யூனிஃபார்மோடு வருகிறாள். அதுவே பட்டாடை. தீர்ப்பு முடியும்வரை கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இன்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டே:

“சார், பன்னெண்டு வருசம் நாட்டப் பாத்துக்கினவ ரெண்டு வரிதான் பேசுவாளா? எங்க லீடர் அரை நாள் லீவு போட்டாலே நான் ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதறன்.”

“பிரதியில அப்படித்தான்மா இருக்கு.”

“பிரதி எழுதனவரு போருக்குப் போனவரா இருப்பாரு.”

என் மௌனத்தை அகிலா பாராட்டினார்.

ஜனவரி 23, வெள்ளி

கடைசி ஒத்திகை. ஒரு இடத்தில்தான் விழுந்தது, அதுவும் உடனே எழுந்தது. கிரீடம் இறுக்கம். பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே வைத்து வி. தைத்துக் கொடுத்தாள்.

எனக்குப் பிறகு தரக்கட்டுப்பாட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் செல்வம் போன் செய்தான். “சார், முன்னாடி நின்னு பாக்கறோம். தப்பு பண்ணீங்கன்னா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடுவோம்.” சிரித்தான். நானும் சிரித்தேன். குறையுள்ள பொருளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

நன்றி: தூக்கம் வருகிறது.

ஜனவரி 24, சனி

எழுதத்தான் வேண்டும். வரிசையாக.

மாலை நான்கரை மணிக் காட்சி. நான்கு கம்பெனி பஸ் நிறையப் பேர், ஷிஃப்ட் முடிந்த முகத்தோடு. சென்னையிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு மூன்று பேர். செல்வமும் நம் ஆட்களும் சொன்னபடி முன்னால். வி. பின்னால், சுவரோரம்.

நாகராஜ் அறிவித்தான்: “பன்னெண்டு வருசம் லீவுல போயிட்டு, லீவு லெட்டர்கூடக் குடுக்காத மகாராசா வர்றாரு, வழி உடுங்க!” பிரதியில் இல்லாத வரி. கைதட்டல்.

மேலே தூக்கினான். தீர்ப்பு. முதல் முப்பது வரி ஆற்று நீர் மாதிரி போனது. முப்பத்தொன்றாம் வரி: “என் முத்திரை வைத்த களஞ்சியத்தில் இருந்த —”

போய்விட்டது.

காலையில் கூழாகக் குடித்த பொருள். நிறம் தெரிகிறது, வாசனைகூட வருகிறது. பெயர் இல்லை.

பத்து நொடி இருக்கும். இருபதாகவும் இருக்கலாம். சென்னைக்காரர்கள் மூவரும் வேகமாகக் குறிப்பெடுத்தார்கள். அகிலா கைகளைக் கோத்துக்கொண்டு பரவசத்தில். செல்வம் வாய் திறந்து ரசித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் வி. உதட்டால் எதையோ சொன்னாள். அவ்வளவு தூரத்தில் புரியவில்லை. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நடிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மஞ்சுளா மட்டும் என் கையைப் பார்த்தாள். வலது கை நாற்காலியின் கைப்பிடியைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது. லைனில் அவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். பக்கத்து ஆள் பின்தங்குவது முகத்தில் தெரிவதற்கு முன்னால் கையில் தெரியும்.

நாலு எட்டு நடந்தாள். மஞ்சள் கயிற்றை இழுத்தாள்.

மணி. நாகராஜ் பழக்கதோஷத்தில் இன்ஜினை அணைத்துவிட்டான். கொட்டகை முழுக்க ஒரு அசைவு இல்லை. மஞ்சுளா எனக்குக் கீழே வந்து நின்று, அரசியாக இல்லாமல், மஞ்சுளாவாகக் கேட்டாள்:

“என்னா ஆச்சு சார்?”

இருபத்தொன்பது வருடம் நான் கேட்ட கேள்வி. அந்த மணிக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு என்னிடம் யாரும் பொய் சொன்னதில்லை. எனக்கும் வரவில்லை.

“சொல்லு ஒண்ணு வரலைம்மா. மே மாசம் ஸ்ட்ரோக் வந்துச்சு. அதுலருந்து இப்படித்தான்.”

கிரீடத்தோடு. மைக் போட்டிருந்தேன்.

பரிதாபச் சத்தம் எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. லைன் நின்றால் எப்படி நிற்பார்களோ அப்படிக் கை கட்டி நின்றார்கள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: “அவசரமில்ல சார், நிதானமா.”

செல்வம்: “கண்ணு ஆபரேஷன்னு சொன்னீங்களே சார்!”

நாகராஜ்: “கண்ணுக்கு ரெண்டு இஞ்சு பின்னாடி, அவ்ளோதான் வித்தியாசம். சும்மா நில்லு குரு.”

சிரிப்பு. நானும்.

“என்னா பொருள் சார், நெல்லா?” என்றார் ஒருவர். தலையாட்டினேன், இல்லை. “கம்பு?” இல்லை. “கொள்ளு?” ஒரு அம்மா கையால் உருட்டிக் காட்டினார், “களி கிண்டறதா சார்?” ஆமாம் ஆமாம். ராகி, கேழ்வரகு என்று இருநூறு பேர் ஒரே நேரத்தில். தகரக் கூரை அதிர்ந்தது.

“கேழ்வரகு” என்றேன்.

மஞ்சுளா முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். “சரி. ஓடலாம்.”

மீதி வரிகள் வந்தன. கடைசி வரியில் அவளை நாடு கடத்தினேன். ‘சித்தம் என் அரசே’ என்றாள். போனாள்.

என் ஒரு சொல்லுக்காகக் கொட்டகையே நின்றது. நிறுத்தியவளை அதற்குப் பிறகு பதினோரு வரியில் துரத்தினேன். பிரதியில் அப்படித்தான்.

நன்றி: மஞ்சுளா. மஞ்சள் கயிறு. பெயர் தெரியாத அந்தக் களி அம்மா. பேட்டரியைக் கழற்ற மறந்த நாகராஜ். கை வலிக்கிறது, பட்டியல் முடியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

மேகம். குளிர் குறைவு.

காலை ஏழு மணிக்கு அகிலா போன். மன்னிப்புக் கேட்டார், அழுதார், பாணி என்று நினைத்ததை எண்ணி எண்ணி அழுதார். நான்தான் ஆறுதல் சொன்னேன். நாலாவது நிமிடம்: “சார், தப்பா நினைக்காதீங்க. அந்த நிறுத்தம் இருக்கில்ல… இன்னிக்கும் அதே இடத்துல…”

மறந்த மாதிரி நடிக்க வேண்டும். குறையை வேண்டுமென்றே தயாரிப்பது என் தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றேன். சிரித்துவிட்டார். நல்ல பெண். பின்னாலிருந்து வரி எடுத்துக் கொடுக்க ஆள் போடட்டுமா என்றார். வேண்டாம். மொத்தம் இரண்டே காட்சி, இன்று கடைசி. நாற்பத்திரண்டையும் சொல்லியாக வேண்டும்.

பத்து மணிக்குச் செல்வம், ஒரு பை கொய்யாவோடு. சிவப்பு ஸ்டிக்கர் பற்றிச் சொன்னதற்காக வந்தானாம். உட்கார்ந்தான். காபி. எழுந்திருக்கும்போது, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் சத்தத்தில் தனக்கு இடது காது மூன்று வருடமாகச் சரியாகக் கேட்பதில்லை என்றான். ஆபீசில் தெரியாதாம். போய்ச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். வலது காதுப் பக்கம் சொன்னேன்.

இரவு எட்டு மணிக்கு மேல் எழுதுகிறேன். காட்சி முடிந்தது.

நேற்றைவிடக் கூட்டம். நாகராஜ் தூக்கினான். குற்றச்சாட்டைப் படித்தான். என் முறை. வழக்கம்போல் முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நின்றேன்.

அந்த ஒரு நொடியில் மஞ்சுளா பேச ஆரம்பித்தாள். தெலுங்கில்.

முத்திரை உன்னிடம் இருந்தது, பசி எங்களிடம் இருந்தது என்றாள். நான்கு ஓலை அனுப்பினேன், ஒன்றுக்குப் பதில் வந்தது, அதில் குதிரைகளின் நலம் மட்டும் விசாரித்திருந்தாய் என்றாள். களஞ்சியத்தைத் திறப்பதற்கு முன்னால் மூன்று நாள் அதன் வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு அரசி வழுக்கி மஞ்சுளாவுக்குள் விழுந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருப்பார். கையெழுத்து வருகிறவரை காய்ச்சல் வெளியே நிற்குமா? பசி நிற்குமா?

கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் அந்த மொழி பேசுபவர்கள். மீதிப் பேருக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். புரியாதவர் அகிலா ஒருவர்தான். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முடித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நாக்கில் நாற்பத்திரண்டும் இருந்தன. முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. கேழ்வரகு அதன் இடத்தில் இருந்தது. எட்டு மாதத்தில் என் மூளை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

நாகராஜிடம், “இறக்கு” என்றேன்.

“குரு?”

“இறக்குப்பா.”

இறக்கினான். பெல்ட் சிக்கிக்கொண்டது. அரசன் பெல்ட்டோடு போராடுவதை இருநூற்றுச் சொச்சம் பேர் பொறுமையாகப் பார்த்தார்கள். கடைசியில் மஞ்சுளாவே வந்து கொக்கியைக் கழற்றிவிட்டாள். கிரீடத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, செல்வத்துக்குப் பக்கத்தில், அவனுக்குக் கேட்காத இடது காதுப் பக்கமாகப் போய் நின்றேன். கைதட்டினார்கள். அகிலா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இதுதான் தியேட்டர் என்று இன்று சொல்லவில்லை.

ஸ்கூட்டர் வி. ஓட்டினாள், நான் பின்னால். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள்.

“ஏமண்டி, மறந்து போச்சா?”

“இல்ல.”

“முப்பத்தொண்ணு?”

“இருந்துச்சு.”

வீடு. வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். “சரி, இப்பச் சொல்லுங்க. வீணாப் போக வேணாம்.”

அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னேன். நிற்காமல், எடுத்துக்கொடுக்காமல், நாற்பத்திரண்டு. கடைசி வரி: “இன்றே இந்நாட்டை விட்டு நீங்குவாயாக!”

“நீங்க நீங்குங்க. அப்படியே கடைல தயிர் வாங்கிக்கினு வாங்க.”

நீங்கினேன்.